வாக்குரிமையும் கதிரையின் விலையும்

சனநாயகத்தில் ஒருவருக்கு ஒரு வாக்கு. நூறு ஏக்கர் வயலுக்குச் சொந்தக்காரரும் அவ்வயலில் கூலிக்கு அரிவு வெட்டுபவரும் வாக்களிப்பு நிலையத்தில் சமமானவர்களே. ஆனால், தீர்மானங்களை எடுக்கும் சபையிலும் அவர்கள் சமமாக அமர்கிறார்களா? இதனைச் சிந்திக்க இங்கிலாந்தின் வரலாறு நமக்கு உதவுகின்றது.

அங்கு 1710 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கிராமப்புறத் தொகுதியொன்றின் பாராளுமன்ற உறுப்பினராவதற்கு நிலத்திலிருந்து ஆண்டொன்றுக்கு 600 பவுண் வருமானம் வேண்டும். நகரத் தொகுதிக்கு 300 பவுண். உறுப்பினருக்குச் சம்பளமும் இல்லை. ஆகவே சபையில் நிலப்பிரபுக்களே நிறைந்திருந்தனர். 1815 இல் அவர்கள் நிறைவேற்றிய தானியச் சட்டம், மலிவான வெளிநாட்டுக் கோதுமை உள்ளே வராமல் தடுத்தது. நிலப்பிரபுவின் குத்தகை வருமானம் காக்கப்பட்டது. அதன் சுமை தொழிலாளியின் பாண் விலையில் விழுந்தது. பாண் வாங்குபவருக்கு அச்சபையில் கதிரை இருக்கவில்லை.

1838 இல் தொழிலாளர் 'மக்கள் சாசனம்' என்ற ஆறு கோரிக்கைகளை முன்வைத்தனர். வளர்ந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, இரகசிய வாக்களிப்பு என்பவற்றுடன் அவர்கள் நின்றுவிடவில்லை. உறுப்பினராவதற்குச் சொத்துத் தகுதி கூடாது, உறுப்பினருக்குச் சம்பளம் வேண்டும் என்றும் கேட்டனர். கூலியை இழந்து சபையில் அமரும் ஏழையின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமல்லவா? 1842 இல் 30 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் ஒப்பங்களோடு சென்ற மனுவைப் பாராளுமன்றம் நிராகரித்தது.

எனினும் 1858 இல் சொத்துத் தகுதி நீங்கியது. 1872 இல் இரகசிய வாக்களிப்பு வந்தது. 1874 இல் சுரங்கத் தொழிலாளர் இருவர் தெரிவாகினர். இத்தகைய உறுப்பினர்களின் சீவியத்துக்குத் தொழிற்சங்கங்கள் பணம் கொடுத்துவந்தன. 1909 இல் நீதிமன்றத் தீர்ப்பொன்று அதையும் தடுத்தது. அதன் பின்னரே, 1911 இல், ஆண்டுக்கு 400 பவுண் சம்பளம் வழங்கப்படலாயிற்று. சாசனம் எழுதப்பட்டு 73 ஆண்டுகள் கடந்திருந்தன!

இலங்கையில் 1931 இலேயே ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆயினும் தேர்தலில் நிற்பதற்குப் பணம் தேவைப்படுகின்றது. வேட்பாளரின் செலவைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்று 2023 இல் நிறைவேறியது. இது நல்ல தொடக்கம் எனலாம்.

இனி நமது சங்கங்களைப் பார்ப்போம். வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்? அன்றாடக் கூலிக்குப் போகிறவர் வரமாட்டார். கைக்குழந்தையோடு தனியே குடும்பத்தைச் சுமக்கும் தாயும் வரமாட்டார். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் வருவார், செயலாளராவார். வீட்டுத்திட்டப் பட்டியலும் விதைநெல் பட்டியலும் அவர் கையிலேயே தயாராகும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வராதவரின் தேவை அவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே கூட்டங்களை எல்லாரும் வரக்கூடிய மாலை நேரத்தில் வைப்போம். தூரத்திலிருந்து வரும் பிரதிநிதிக்கு பஸ் காசைச் சங்கமே கொடுக்கட்டும். பட்டியலையும் கணக்கையும் எல்லார் முன்னிலையிலும் உரத்து வாசிப்போம். காணியற்றவருக்கும் நிர்வாகக் குழுவில் இடம் ஒதுக்குவோம். இவற்றுக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. அடுத்த கூட்டத்திலேயே நாம் தீர்மானிக்கலாம்.