சேறு அதேதான், கால்கள் வேறு

வட லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்றொரு பெரிய திறந்தவெளி. அதன் தென்பக்கம் இருக்கும் மேடுதான் பார்லிமென்ட் ஹில். இங்கிலாந்தின் தேசிய கிராஸ் கன்ட்ரி ஓட்டம் ஆண்டுக்கு ஓர் ஊராகச் சுற்றி வரும். இந்த மேட்டுக்கு முறை வரும்போது, பிப்ரவரிக் குளிரில் ஆண்கள் பந்தயத்துக்கு மட்டும் 2,000 பேருக்கு மேல் வந்து நிற்கிறார்கள். மேட்டின் அடிவாரத்தில் அகலமாக ஒரு கோடு. அதன் பின்னால் சங்கம் சங்கமாகக் கட்டங்கள் பிரித்திருப்பார்கள். கையில்லாத பனியன், அரைக்கால் சட்டை, ஆணி வைத்த ஷூ. வெடிச்சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் ஒரே மூச்சில் மேடேறுகிறார்கள்.

மேடு முடிந்ததும் பாதை குறுகும். முன்னால் போனவர்கள் மிதித்த புல் அதற்குள் கூழாகியிருக்கும். பின்வரிசைக்காரருக்குக் கணுக்கால் வரை சேறு. காலைத் தூக்கினால் ஷூ கீழேயே நின்றுவிடும். அதற்குப் பயந்து ஷூவைக் காலோடு சேர்த்து ஒட்டுநாடாவால் சுற்றிக்கொள்பவர்கள் உண்டு. கழன்ற ஷூவைத் தேடி நின்றால் பின்னால் வருகிறவர்கள் மேலே விழுவார்கள் என்பதால், ஒற்றைக் காலுறையோடு மீதித் தூரத்தை ஓடி முடிப்பவர்களும் உண்டு.

இந்தச் சேற்றுக்கு மண்தான் காரணம். ஹீத்தின் உயரமான பகுதிகளில் மணல், அதற்குக் கீழே களிமண். மணலில் இறங்கும் மழைநீர் களிமண்ணைத் தொட்டதும் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் கசிந்து வெளியே வரும். நவம்பரில் ஊறத் தொடங்கும் சரிவு மார்ச் வரை காயாது. நூறு ஆண்டுக்கு முன்னும் இதே மண், இதே ஈரம். மாறியிருப்பதெல்லாம் அதில் இறங்குகிற மனிதர்கள்தான்.

தொடக்கத்தில் இந்த ஓட்டம் பள்ளிக்கூடப் பையன்களின் விளையாட்டு. ஷ்ரூஸ்பரி, ரக்பி போன்ற உறைவிடப் பள்ளிகளில் இரண்டு பையன்கள் முயலாகி, பை நிறையக் காகிதத் துண்டுகளைத் தூவிக்கொண்டே முன்னால் ஓடுவார்கள். மற்றவர்கள் வேட்டை நாய்களாகி, காகிதத்தைப் பார்த்துப் பார்த்து வயலும் வேலியும் ஓடையும் தாண்டித் துரத்துவார்கள். 1868-இல் தேம்ஸ் நதியில் படகு வலிக்கும் இளைஞர்கள் சிலர், குளிர்காலத்தில் உடம்பு கட்டு விடாமலிருக்க இந்த விளையாட்டைப் பெரியவர்களுக்கும் கொண்டுவந்தார்கள். அப்படிப் பிறந்தது 'தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ்' சங்கம். முதல் தேசியப் போட்டி 1876-இல் எப்பிங் காட்டில் நடந்தது. வந்தவர்கள் 32 பேர். அத்தனை பேரும் வழி தவறிப் போனதால் பந்தயமே செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள்.

ஓடுகிற கால்களுக்கும் அன்று அந்தஸ்து பார்த்தார்கள். கனவான்களின் தடகள அமைப்பு, இயந்திரத் தொழிலாளி, கைவினைஞர், கூலிக்காரர் ஆகியோர் அமெச்சூர் கணக்கில் சேரமாட்டார்கள் என்று விதியே எழுதி வைத்திருந்தது. 1880-இல் புதிய தடகளச் சங்கம் அமைந்தபோதுதான் அந்தக் கதவு திறந்தது. அதன்பிறகு பர்மிங்ஹாமின் பிர்ச்ஃபீல்டு ஹாரியர்ஸ் போன்ற தொழில்நகரச் சங்கங்கள் தேசியக் கோப்பையை அள்ளிக் குவித்தன. ஒரு விதியை நீக்கியதும் ஒரு விளையாட்டின் வரலாறே திசை மாறியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கான தேசியப் போட்டி 1927-இல்தான் வந்தது. வந்த பிறகும் தூரம் குறைவு. தேசிய ஓட்டத்தில் நெடுங்காலம் ஆண்களுக்கு 12 கிலோமீட்டர், பெண்களுக்கு 8. பெண்களின் உடம்பு தாங்காது என்ற பழைய எண்ணத்தின் எச்சம் இது. பெண்கள் மாரத்தான் 1984 ஒலிம்பிக்கிலேயே நுழைந்த பிறகும், குளிர்காலச் சேற்றில் மட்டும் இந்த எச்சம் அழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. உலக கிராஸ் கன்ட்ரி போட்டியில் இருபாலருக்கும் 10 கிலோமீட்டர் என்று சமமானதே 2017-இல், கம்பாலாவில்தான்.

பழையதில் நான் மனமார மதிக்கிற ஒன்று உண்டு: அணிக் கணக்கு. தேசிய ஓட்டத்தில் ஒரு சங்கத்தின் முதல் ஆறு ஆண்களுடைய இடங்களைக் கூட்டுவார்கள், பெண்களில் முதல் நான்கு. கூட்டுத்தொகை குறைந்த சங்கம் வெற்றி. முதலாவதாக வரும் நட்சத்திரம் ஒரே ஒரு புள்ளிதான் கொண்டுவருவார். ஆறாமவர் 90-ஆவது இடத்திலிருந்து 70-க்கு முன்னேறினால் அணிக்கு 20 புள்ளி லாபம். அதனால்தான் கூட்டத்தின் நடுவே, யாரும் பெயர் அறியாத இருவர், 83-ஆவது இடத்துக்காகக் கடைசி நூறு மீட்டரில் உயிரைக் கொடுத்து மோதுகிறார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் கயிறு கட்டிய குறுகிய வழி. வந்த வரிசை கலையாமல் அதற்குள் நடக்க வேண்டும். அன்று ஒருவர் எண்ணைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் மழையில் நனைந்த தாளில் பென்சிலால் எழுதுவார். இன்று அந்த வேலையைச் சிப் பார்க்கிறது. கணக்கு மட்டும் மாறவில்லை.

ஆனால் சங்கத்துக்குள் வராத கோடிக்கணக்கானவர்களுக்கு இந்தச் சேறு வேறு மாதிரி அறிமுகமானது. பள்ளியில் குளிர்கால ஓட்டம் என்றால் கட்டாயம். ஜனவரி மழையில் மெல்லிய சட்டையோடு விரட்டுவார்கள். கடைசியாக வருகிற குண்டுப் பிள்ளையை எல்லோரும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஐம்பது வயது ஆங்கிலேயர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், அந்தக் காயம் இன்னும் ஆறாமல் இருக்கும். அலன் சில்லிட்டோ 1959-இல் எழுதிய 'தொலைதூர ஓட்டக்காரனின் தனிமை' கதையில், சிறுவர் சீர்திருத்தப் பள்ளியின் தலைவர் தன் பெருமைக்காக ஒரு பையனை ஓடவிடுகிறார். அவன் முதலாவதாக வந்தும் எல்லைக்கோட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். ஓட்டம் என்பது அதிகாரத்தின் கையிலிருந்த காலத்தை அவ்வளவு கூர்மையாகச் சொன்னவர் வேறில்லை.

அந்த நிலை மாறத் தொடங்கியது 2004 அக்டோபர் 2, சனிக்கிழமை. லண்டனின் புஷி பார்க்கில் 13 பேர் 5 கிலோமீட்டர் ஓடினார்கள். கூட்டியவர் பால் சிண்டன்-ஹியூவிட். காயம்பட்டு ஓட முடியாமலிருந்த அவர், நண்பர்களைப் பார்க்கவும் பிறகு சேர்ந்து காபி குடிக்கவும் செய்த ஏற்பாடு அது. முடிக்கிறவர் கையில் கொடுக்க, வன்பொருள் கடையில் வாங்கிய வாஷர்களில் எண் அடித்து வைத்திருந்தார்கள். கட்டணம் கிடையாது. அதுதான் இன்று பல நாடுகளில் வாராவாரம் நடக்கும் பார்க்ரன். புஷி பார்க்கில் மட்டுமே பல சனிக்கிழமைகளில் ஆயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள்.

டிசம்பர்ச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன் ஏதாவது ஓர் ஆங்கிலப் பூங்காவுக்குப் போனால் மாற்றம் கண்ணுக்கே தெரியும். குழந்தை வண்டியைத் தள்ளியபடி அம்மா, கையில் கயிற்றோடு நாயைப் பிடித்துக்கொண்டவர், எழுபது தாண்டிய பாட்டி, அலுவலகச் சகாக்கள், முதல்முறை வந்து ஓரமாக நிற்பவர். ஏரிக்கரை வளைவில் குட்டை தேங்கியிருந்தால் சிலர் சுற்றிப் போவார்கள், குழந்தைகள் நேராக நடுவில் இறங்குவார்கள். தொடக்க ஆண்டுகளில் சுமார் 22 நிமிடமாக இருந்த சராசரி நேரம் பிறகு 30-ஐத் தாண்டிவிட்டது. வேகம் குறைந்ததைத் தோல்வியாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிக நல்ல எண் அதுதான். முன்பு வீட்டிலிருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள் என்று அது சொல்கிறது. கடைசியில் வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருக்கிறார். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அவர் உங்களுக்குப் பின்னால்தான் வருவார். பள்ளிக்காலக் காயத்துக்கு இதைவிட நேரான மருந்து இருக்க முடியாது. 2018 முதல் குடும்ப மருத்துவர்களின் ராயல் கல்லூரியே இதில் இணைந்து, அந்தந்தப் பகுதிக் குடும்ப மருத்துவர் நிலையங்கள் நோயாளிகளைப் பக்கத்துப் பூங்காவுக்கு அனுப்புகின்றன.

2017 நவம்பரில் கும்ப்ரியாவின் ஹேவரிக் சிறைக்குள்ளும் பார்க்ரன் தொடங்கியது. கைதிகளும் ஊழியர்களும் ஒரே பாதையில் ஓடுகிறார்கள், மாறி மாறித் தொண்டும் செய்கிறார்கள். சில்லிட்டோவின் பையனை நினைத்துக்கொண்டேன். அங்கே ஒருவன் தன் சுயமரியாதைக்காக நிற்க வேண்டியிருந்தது. இங்கே யாருடைய பெருமைக்காகவும் யாரும் ஓட வேண்டியதில்லை.

கூட்டத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. 32 பேர் மிதித்த புல் ஒரு வாரத்தில் நிமிரும். ஆயிரம் பேர் வாராவாரம் மிதித்தால் வசந்தம் வந்தும் நிமிராது. வழுக்கலைத் தவிர்க்க ஒவ்வொருவரும் ஓரடி ஒதுங்கி ஓட, சேற்றுப்பாதை அகன்றுகொண்டே போகிறது. அதனால் பல பூங்காக்களில் நவம்பரில் குளிர்காலப் பாதைக்கு மாறிக்கொள்கிறார்கள், புல்லை விட்டுத் தார்ப்பாதையில் சுற்றுகிறார்கள். வெள்ளமோ உறைபனியோ வந்தால் அன்றைய ஓட்டத்தையே ரத்து செய்கிறார்கள். இவற்றை முடிவுசெய்ய விடிவதற்கு முன்பே யாரோ ஒரு தொண்டர் டார்ச்சோடு பாதை முழுக்க நடந்து பார்க்கிறார். புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: குட்டையைச் சுற்றிப் போகாதீர்கள், நடுவிலேயே ஓடுங்கள். ஷூவைக் கழுவிக்கொள்ளலாம், பக்கத்துப் புல்லுக்கு அது முடியாது.