பச்சை, மஞ்சள், சிவப்பு

மைக்கைப் பிடித்தாலே கை நடுங்குகிறதா? 1924-இல் அமெரிக்காவின் சான்டா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுக் கழகத்தில் அதற்கு வழி இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழிலேயே நடக்கும் கழகங்களும் உண்டு.

கழகக் கூட்டத்தில், தயாரித்து வந்த பேச்சுக்கு வழக்கமாக 5 முதல் 7 நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. அதன்பின் 30 விநாடிதான் சலுகை. துண்டுச் சீட்டு கொடுத்தும் நிறுத்தாத நம்மூர் விழாப் பேச்சாளர்கள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல!

அடுத்தது திடீர்த் தலைப்பு. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, அங்கேயே யோசித்து, ஓரிரு நிமிடம் பேச வேண்டும். தயாரித்துப் பேசியவரைச் சக உறுப்பினர் ஒருவர் இரண்டு, மூன்று நிமிடத்தில் மதிப்பிடுவார்: எது எடுபட்டது, எதைத் திருத்தலாம் என்று. இன்னொருவர் ‘ஆ...’, ‘அது வந்து...’ எத்தனை முறை வந்தன என்று எண்ணிக் குறித்துக்கொண்டிருப்பார். இந்த வேலைகள் கூட்டத்துக்குக் கூட்டம் கைமாறும்.

கேரளத்தில் அகஸ்தியர்கூட மலையின் அடிவாரத்தில், தமிழும் மலையாளமும் புழங்கும் போனக்காடு தேயிலைத் தோட்டத்து லயத்திலும் (தொழிலாளர் வரிசை வீடுகளிலும்) இப்படியொரு கூட்டத்தை நடத்தலாம். மண்டபம் வேண்டாம், வாசல் திண்ணை போதும். விளக்குக்குப் பதில் மூன்று வண்ண அட்டை, நேரம் பார்க்க ஒரு செல்போன். திடீர்த் தலைப்புக்கு, ‘விதுரா பஸ் வராத நாள்’!