பிந்தித் திறந்த கதவு

கதவு திறந்தாலும் கழிந்த காலம் திரும்பி வருமோ? மேரியன் அண்டர்சன் அம்மையாரின் வரலாற்றை அறிவோர் இவ்வாறு ஏங்காதிருத்தல் அரிது.

1897இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஏழைக் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார் இம்மாதரசி. இளமையிலேயே தந்தையை இழந்தார். அவரது குரலின் அருமையை உணர்ந்த தேவாலயத்தார் காசு திரட்டி இசை பயில உதவினர். பின்னர் ஐரோப்பா அவரைக் கொண்டாடியது.

தாயகமோ தயங்கியது. 1939இல் வாஷிங்டனில் மாதர் சங்கமொன்று நிறத்தைக் காரணமாக்கித் தன் மண்டபத்தைத் தர மறுத்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவியார் அச்சங்கத்தினின்றும் விலகினார். ஏப்ரல் 9ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, லிங்கன் நினைவாலயப் படிகளில் நின்று மேரியன் பாடினார். கேட்கத் திரண்டோர் ஏறத்தாழ 75,000 பேர்.

எனினும், ஒப்பரா எனப்படும் இசை நாடக மேடை அவருக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. 1955 ஜனவரி 7ஆந் திகதிதான் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அரங்கில், வெர்டியின் நாடகமொன்றில் குறிசொல்லும் உல்ரிக்காவாகத் தோன்றினார். அங்கு பாத்திரமேற்றுப் பாடிய முதற் கறுப்பினத்தவர் அவரே. அப்போது அவருக்கு வயது 57. குரலின் இளமை கழிந்துவிட்டது.

ஆயினும் அவ்வருகை வீண்போகவில்லை. 1961இல் லியொன்ரின் பிறைஸ், 33 வயதில், குரலின் முழுப் பொலிவோடு அதே அரங்கேறினார். மேரியன் 1993இல் மறைந்தார். தமக்குப் பிந்தித் திறந்த கதவைப் பிறர் உரிய காலத்திற் கடக்கச் செய்த பெருமை அவருக்குரியது.