எல்லைக் கல்லும் அரசாங்கத்தின் செவியும்



மட்டக்களப்பு வாவியின் கரைகளை எழுவான்கரை, படுவான்கரை என்று நம் முன்னோர் பெயரிட்டு அழைத்தனர். சூரியன் எழும் பக்கம் ஒன்று; படும் பக்கம் மற்றொன்று. இத்தனை எளிதாக எல்லை வகுத்த மக்களின் காணி உறுதிகளை எடுத்து வாசித்தால் எல்லைகள் அத்தனை எளிதாக இல்லை. வடக்கே இன்னார் வளவு, தெற்கே ஒழுங்கை, மேற்கே ஆலமரம், கிழக்கே வாவி என்று எழுதியிருக்கும். வளவுக்காரர் காலமாகி அவருடைய வளவு ஐந்தாகப் பிரிந்திருக்கும். ஆலமரம் 1978 ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளியிலே சாய்ந்திருக்கும். வாவியோ ஒருபோதும் ஓரிடத்தில் நிற்பதில்லை. மாரி மழையில் வெள்ளம் ஏறி, முகத்துவாரத்து மணல் திட்டு உடையும்வரை நீர் வயல்களுக்குள் நிற்கும். கோடையில் பின்வாங்கிச் சேற்று நிலத்தை விட்டுச் செல்லும். இவற்றுள் எந்த நாளின் நீர்க்கரையை எல்லையாகக் கொள்வது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் தொழில் ஒன்று உண்டு. நில அளவைத் தொழில் என்பது அதன் பெயர். வைத்தியரைத் தெரியாதவர் இல்லை. வழக்கறிஞரைத் தெரியாதவரும் குறைவு. நில அளவையாளரையோ, சங்கிலி பிடித்து வெயிலில் நடக்கும் ஒருவர் என்ற அளவிலேதான் பலர் அறிவர். அவருக்காக அரசாங்கத்திடம் பேசுவோரும் சிலரே. அவர்கள் பேசுவது நமக்காகவும்தான் என்பதை விளக்கவே இன்று வந்திருக்கிறேன்.

இலங்கையின் நில அளவைத் திணைக்களம் மிகப் பழையது. 1800 ஆம் ஆண்டு ஆகஸ்டு 2 ஆம் திகதி, தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் காலத்திலே, ஜொன்வில் என்பவரை முதல் நில அளவையாளர் நாயகமாகக் கொண்டு அது தொடங்கிற்று. அந்நிய அரசு அதனைத் தொடங்கியது நம்மீது கொண்ட பரிவினால் அன்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்தை நிரூபிக்க இயலாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவை என்று கொண்டது. முடிக்கு எது சொந்தம் என்று சொல்லவும், அதனை விற்கவும் வரைபடம் வேண்டியிருந்தது. இதை மறைப்பதில் பயனில்லை. நில அளவையாளர் வந்தால் காணி போய்விடும் என்ற அச்சம் நம் கிராமங்களில் இன்றும் சிலரிடம் இருப்பதற்கு இந்தப் பழைய வரலாறும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆயினும் அதே திணைக்களம் செய்த அரிய வேலையொன்று நம் வாவிக்கரையோடு சம்பந்தப்பட்டது. ஒரு நாட்டை முழுவதும் சங்கிலியால் அளப்பது ஆகாத காரியம். ஆகவே சமதரையில் ஒரு கோட்டை மட்டும் மிக நுட்பமாக அளப்பார்கள். அடிக்கோடு என்பது அதன் பெயர். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால், முக்கோணத்தின் மற்றை இரு பக்கங்களையும் கணக்கினாலே பெறலாம். அந்தப் பக்கங்களின்மேல் வேறு முக்கோணங்கள் எழும். இவ்வாறு சிகரம் சிகரமாகத் தாவி நாடு முழுவதும் வலை பின்னலாம். இலங்கை முக்கோண அளவையின் அடிக்கோடுகளில் ஒன்று நீர்கொழும்புப் பக்கத்தில் அமைந்தது. மற்றொன்று மட்டக்களப்பில், வவுணதீவை ஒரு முனையாகக் கொண்டது. மேற்குக் கரையில் தொடங்கிய கணக்குக் கிழக்குக் கரைக்கு வந்து சேரும்போது, இங்கே நிலத்தில் அளந்த நீளத்தோடு ஒத்துவர வேண்டும்; ஒவ்வாவிடின் இடையில் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது. இலங்கைப் படம் சரியா என்று சோதித்த உரைகல்லில் ஒரு பாதி நம் படுவான்கரை மண்ணில் இருந்தது என்று என் மாணவரிடம் சொன்னால் நம்ப மறுப்பார்கள்.

சங்கிலி என்றேனே, அது 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்டது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஏக்கருக்கு நான்கு றூட். றூட்டுக்கு நாற்பது பேர்ச். இன்று செய்மதிகளின் துணையோடு அளக்கிறார்கள்; படங்கள் மீற்றரில் வருகின்றன. எங்கள் வாயில் மட்டும் பேர்ச் போகவில்லை.

இனி, உறுதிப் பதிவுக்கும் உரித்துப் பதிவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறவேண்டும். நொத்தாரிசு எழுதிய உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டால் காணி நமதே என்று பலர் எண்ணுகின்றனர். பதியப்படுவது பத்திரம் மாத்திரமே. விற்றவருக்கு உரித்து இருந்ததா, நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பவற்றுக்கு அப்பதிவு உத்தரவாதம் அன்று. இக்குறையை நீக்கவே 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் வந்தது. பிம் சவிய என்ற பெயரில் 2007 முதல் நடந்த வேலை அதன் வழிப்பட்டது. துண்டு துண்டாக நிலத்தை அளந்து, படம் வரைந்து, உரிமையை விசாரித்த பின்னரே உரித்துச் சான்றிதழ் வழங்கப்படும். அளவையாளர் இன்றி இச்சட்டம் ஓர் அடியும் நகராது. சட்டத்தை இயற்றி அளவையாளரைப் போதிய அளவில் நியமியாதிருப்பது, பாடசாலை கட்டி ஆசிரியரை அனுப்பாதது போன்றதே. இவ்வகை அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் இருந்த நாவலடியில் வேலியும் மதிலும் மட்டுமன்றி, இது இன்னாருடைய வளவு என்று சொல்லத்தக்க அயலவரும் போயினர். உறுதிகளும் நீரில் போயின. அதன் பின்னர் வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு விதித்து, பிறகு அதனைத் தளர்த்திற்று. அந்த 200 மீற்றரை எந்தக் கோட்டிலிருந்து அளப்பது? கடல் தின்ற கரையிலிருந்தா, தின்னுமுன் இருந்த கரையிலிருந்தா? வீடிழந்தவர் ஒருவருக்குத் திரும்பிப் போகலாமா கூடாதா என்பது அந்தக் கோட்டைப் பொறுத்திருந்தது. அத்தகைய விதியை எழுதும் மேசையில் நில அளவையாளர் ஒருவர் முதலிலேயே இருப்பது அவசியம். விதி வந்த பின்னர்க் கல் நாட்ட மட்டும் அவரை அழைப்பது போதாது.

போர்க்காலத்தின் கதை இதைவிட நீண்டது. இடம்பெயர்ந்தோர் திரும்பிவர, அவர்களுடைய நிலத்தில் மற்றொருவர் பத்தாண்டுக்கு மேல் இருந்திருப்பார். பத்தாண்டு தடையின்றி அனுபவித்தவருக்கு உரிமை உண்டு என்பது பொதுச் சட்டம். அதற்கு விலக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் வழக்கிட முடியாது போனவர்களுக்கு 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. நீதிமன்றம் உரிமையை ஏற்றுக்கொண்டாலும் எந்த நிலத்தில் என்ற கேள்வி மிஞ்சும். அதற்குப் பழைய அளவைப் படம் வேண்டும்.

எனக்கு நேர்ந்தது ஒன்று. நான் அதிபராயிருந்த பாடசாலையொன்றில், கிணறு தமது காணிக்குள் இருக்கிறது என்று அயலவர் ஒருவர் முறையிட்டார். அவர் பொய் சொல்கிறார் என்றே நான் நம்பினேன். அளந்து தரும்படி எழுதிய கடிதத்துக்குப் பதில் வர நெடுங்காலம் ஆயிற்று. ஆட்கள் போதாது என்றார்கள். இதற்குள் பிள்ளைகள் முன்னே வாய்ச்சண்டையும் நடந்துவிட்டது. கடைசியில் ஓர் இளைஞர் கருவியோடு வந்தார். பழைய படத்தைப் பார்த்து ஓரிடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார். முழ ஆழத்தில் எல்லைக் கல் இருந்தது. கிணறு எங்களுடையதே, ஆனால் எங்கள் வேலி அயலவரின் காணிக்குள் ஏறத்தாழ மூன்று பேர்ச் போயிருந்தது. நான் அவரிடம் சென்று, "அண்ணன், பிழை எங்களுடையது," என்று சொல்ல வேண்டியதாயிற்று. கடிதம் போட்ட கிழமையே அந்த இளைஞர் வந்திருந்தால் அந்தச் சண்டை நடந்திராது.

இத்தொழிலினர் தமக்கென 1926 இலேயே சங்கம் அமைத்தனர். 1982 இல் அது சட்டத்தினால் கூட்டிணைக்கப்பட்டது. 2002 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க அளவைச் சட்டம் நில அளவைப் பேரவையை நிறுவி, அளவையாளரைப் பதிவுசெய்து ஆண்டுதோறும் உரிமம் வழங்கும் முறையை ஏற்படுத்திற்று. பதிவில்லாதவர் வரைந்த படத்தை நம்பிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதே பொதுமக்களுக்கு அதனால் விளைந்த நன்மை. இனி அவர்கள் அரசிடம் கேட்க வேண்டியவை சில உள. அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் வழங்குமுன் அளந்து கல் நாட்ட வேண்டும். பருமட்டான ஒரு கீறலோடு பத்திரம் கொடுத்தால் பத்தாண்டில் வழக்காக முளைக்கும். வாவியின் எல்லையை ஒரே தடவை அளந்து, காணிக்கும் மீன்பிடிக்கும் கரையோரப் பாதுகாப்புக்கும் பொறுப்பான அலுவலகங்கள் யாவும் அந்த ஒரே படத்தைப் பயன்படுத்த வேண்டும். படுவான்கரை முதியவர் ஒருவர் காட்டும் எல்லையை அவருடைய பேச்சிலேயே கேட்டுக் குறிக்கத்தக்க, தமிழறிந்த அளவையாளர் இங்கு வேண்டும்.

கடைசிக் கோரிக்கை நம் பிள்ளைகளையும் பொறுத்தது. கணிதம் படிக்கும் மாணவரிடம் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால் பொறியியலாளர் என்ற ஒரே விடைதான் வருகிறது. பெலிகுல் ஓயாவில் சபரகமுவப் பல்கலைக்கழகம் நில அளவை விஞ்ஞானத்தில் பட்டம் வழங்குகிறது. தியத்தலாவையில் திணைக்களத்தின் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. வவுணதீவிலிருந்து இரண்டுக்கும் பஸ்ஸில் ஒரு பகற்பயணம்.