அந்தரத்தில் ஓர் ஆட்டக்காரர்

தமிழ்ப்பள்ளியில் காற்பந்தும் பூப்பந்தும் மட்டுமே அறிந்த நான், ஜொகூர் பாருவில் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகே ரக்பியைக் கண்டேன். உயரே உதைக்கப்பட்ட பந்துக்காக இருவர் எம்பும் கணமே அதில் ஆபத்தானது. அந்தரத்தில் இருப்பவரால் தம்மைக் காத்துக்கொள்ள இயலாது. தலைகீழாக விழுந்தால் கழுத்தே முறியலாம்.

ஆகவே, கால் தரையில் படாத எதிராளியைப் பிடிப்பதையும் தள்ளுவதையும் இழுப்பதையும் 9ஆம் விதி தடை செய்கிறது. இருவருக்கும் பந்தைப் பிடிக்க உண்மையான வாய்ப்பு இருந்ததா என்பதே நடுவரின் முதல் கேள்வி. இருந்தால் ஆட்டம் தொடரும். நேரம் மட்டும் தவறினால் தண்டனை உதை. பந்துக்குப் போட்டியிடாமலே சாய்க்கப்பட்டவர் முதுகிலோ பக்கவாட்டிலோ விழுந்தால் மஞ்சள் அட்டை. பொறுப்பற்ற செயலால் தலையிலோ கழுத்திலோ விழுந்தால் சிவப்பு அட்டை.

2018 ஜூனில் வெலிங்டனில், நியூசிலாந்தின் போடன் பேரட் தலைகீழாக விழ, பிரான்சின் பெஞ்சமின் ஃபால் சிவப்பு அட்டை பெற்றார். பந்தைப் பார்த்து ஓடிய அவர், வழியில் வேறொரு வீரர்மீது மோதித் தடம் மாறியிருந்தார். விசாரணைக் குழு அட்டையை ரத்து செய்தது. பிரான்சோ 14 பேருடன் ஆடி, 13-26 என ஏற்கெனவே தோற்றிருந்தது.

விழுந்த விதத்தை மட்டும் பார்த்தால் நேர்மையானவர் தண்டிக்கப்படுவார். நோக்கத்தை மட்டும் பார்த்தால் கழுத்துகள் முறியும். காணொளி உதவியற்ற நம் பள்ளித் திடல்களில் நடுவரின் கண்ணே எல்லாம். எனவே, பந்தோடு எதிராளியையும் பார்த்து ஓடப் பழக்குவதே முதற்பாடமாக வேண்டும் நண்பர்களே!