மலைத்தேனீக்கு ஒரு கைமரம்

மலைத்தேனீயைப் பெட்டியில் அடைத்து வளர்க்க முடியாது. அடுக்குத்தேனீ மரப்பொந்தின் இருட்டில் பல அடைகளை வரிசையாகக் கட்டுவது. பெட்டியும் அதற்கு ஒரு பொந்துதான். மலைத்தேனீக்கு வெட்டவெளி வேண்டும். பெரிய கிளையிலோ பாறை விளிம்பிலோ ஒரே ஓர் அடைதான் கட்டும். பூ தீர்ந்ததும் அதையும் விட்டுவிட்டுக் கூட்டமாகக் கிளம்பிவிடும். அதன் கோபத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்பேர்ப்பட்ட தேனீயைக் கைக்கெட்டும் உயரத்துக்கு இறக்கிவந்திருக்கிறார்கள், வியட்நாமின் தென்கோடியில் உள்ள உ மின் சதுப்புக்காட்டு மக்கள். எப்படி? ஒரே ஒரு மரக்கட்டையால்!

அந்தக் காட்டில் திரும்பிய பக்கமெல்லாம் மெலலூக்கா மரம். யூகலிப்டஸுக்குப் பங்காளி, இலையைக் கசக்கினால் தைல வாடை வரும். வெள்ளைப் பூக்களில் தேன் ஏராளம். ஆனால் மரங்கள் ஒல்லியாக நெட்டுக்குத்தாக வளர்வதால், கனத்த அடையைத் தாங்கும் சாய்ந்த கிளைகள் குறைவு. விருந்து இருக்கிறது, வீடு இல்லை. அந்தக் குறையைத்தான் மனிதர்கள் தீர்த்துவைக்கிறார்கள்.

ஏறக்குறைய 2 மீட்டர் நீளமுள்ள கட்டையை, ஒன்று உயரமாகவும் மற்றது குட்டையாகவும் நட்ட இரு கால்கள்மேல் சாய்த்து வைக்கிறார்கள். கூரைக்குக் கைமரம் வைப்பதுபோலத்தான். உயர்ந்த முனைக்கு எதிரே செடிகொடிகளை வெட்டி வெளியாக்குகிறார்கள். வெயில் விழ வேண்டும், தேனீ பறந்து வர வழி வேண்டும். பூக்காலத்தில் வரும் கூட்டம் கட்டையின் அடிப்பக்கத்தில் அடை கட்டத் தொடங்குகிறது. வேலைக்காரத் தேனீக்கள் அடைமேல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரையாகத் தொங்குகின்றன. மழை பெய்தால் அந்தத் திரைமேல் வழிந்து ஓடிவிடும். கைமரம் மனிதன் போட்டது, ஓடு தேனீக்களே!

சாய்வில்தான் சூட்சுமம். மலைத்தேனீ தேனை அடையின் மேல்முனையில் சேர்க்கும்; முட்டையும் புழுவும் கீழே. புழு இருக்கும் பகுதி 3.5 சென்டிமீட்டர் தடிமன்தான். தேன்முனையோ பலமடங்கு புடைத்திருக்கும். கட்டையைச் சாய்த்து வைத்தவருக்குத் தேன் எந்த முனையில் சேரும் என்பது, ஒரு தேனீகூட வருமுன்பே தெரியும். பிறகு, இதமாகப் புகை காட்டித் தேனீக்களை ஒதுக்கி, புடைத்த பகுதியை மட்டும் அறுத்து எடுக்கிறார். புழுக்கள் பிழைத்திருப்பதால் கூட்டம் ஓடிப்போவதில்லை. வெட்டிய இடத்தில் மறுபடி அடை வளர்கிறது, மறுபடி தேன் நிறைகிறது. அதே கூட்டில் அதே பருவத்தில் இன்னொரு அறுவடை.

இது நேற்று வந்த உத்தியல்ல. 1902இலேயே பிரெஞ்சுக்காரர் ஒருவர் இதை எழுதிவைத்திருக்கிறார்.

நம் ஊரில் தண்ணீர்த் தொட்டிகளின் அடியிலும் அடுக்குமாடிகளின் விளிம்பிலும் தொங்குவது இதே தேனீதான். அடுத்த முறை கண்ணில் பட்டால் புடைத்த முனை எந்தப் பக்கம் என்று தேடுங்கள், தேன் அங்கேதான். தள்ளி நின்றே தேடுங்கள்.