இருவீச்சு எஞ்சினில் திரவக் கசிவைக் கண்டறியும் முறை

மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்த் துளி காணப்பட்டால் அதன் உரிமையாளர் கவலையுறுவது இயல்பு. ஆயினும் டூ ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சு எஞ்சினைப் பொறுத்தமட்டில், தரையில் விழும் துளியைவிட விழாத துளியே பெரும்பாலும் அதிகக் கேடு விளைவிப்பதாகும். காரணத்தை அறிய இவ்வெஞ்சினின் அமைப்பைச் சற்று நோக்க வேண்டும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் டே என்பவர் 1891-ஆம் ஆண்டில் காப்புரிமை கோரிய அமைப்பே இவ்வகைச் சிறு எஞ்சின்களுக்கு அடிப்படை. இதில் பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறை வெறும் உறையன்று. அது ஒரு பம்பாகவும் வேலை செய்கிறது. பிஸ்டன் மேலேறும்போது அறையில் அழுத்தம் குறைந்து, பெட்ரோலும் எண்ணெயும் காற்றும் சேர்ந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அக்கலவை அழுத்தப்பட்டுப் பக்கவாட்டுக் கால்வாய்கள் வழியே சிலிண்டருக்குள் செல்கிறது. ஆகவே இவ்வறையில் ஓர் இடுக்கு ஏற்பட்டுவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரு முறை வெளியே உமிழும். ஒரு முறை வெளியிலுள்ளதை உறிஞ்சும். கிராங்க் தண்டின் இரு பக்கங்களிலும் அமைந்த ரப்பர் ஆயில் சீல்களே இதனைத் தடுத்து நிற்பவை.

மண் பாதையில் ஓட்டுவதற்கென அமைந்த ‘டர்ட் பைக்’ எஞ்சின்களில் மூன்று திரவங்கள் உண்டு: எரிபொருட் கலவை, கியர் எண்ணெய், குளிர்விப்பு நீர். மைசூரில் 1961 முதல் 1996 வரை உற்பத்தியான ஜாவா, யெஸ்டி போன்ற வண்டிகள் காற்றினால் குளிர்பவையாதலால், அவற்றில் மூன்றாவது திரவத்தைப் பற்றிய கவலை இல்லை. பிற குறிப்புகள் அவற்றிற்கும் பொருந்தும்.

முதலில் கசிவது எது என்று அறிய வேண்டும். எஞ்சினின் அடியில் வெள்ளைத் தாளை விரித்துத் துளியைப் பிடிக்கலாம். எரிபொருட் கலவையாயின் சிறிது நேரத்தில் பெட்ரோல் ஆவியாகி, மெல்லிய எண்ணெய் வளையம் மட்டும் எஞ்சும். கியர் எண்ணெய் அப்படியே நிற்கும். ஐயமிருப்பின் ஒரு குவளைத் தண்ணீரில் துளியை விட்டுப் பார்க்கலாம். எண்ணெய் மிதக்கும், குளிர்விப்பு நீர் கரைந்துவிடும். வகுப்பறையிலும் எளிதில் செய்து காட்டத்தக்க சோதனை இது. குளிர்விப்பு நீரில் வழக்கமாகச் சேர்க்கப்படும் எதிலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு; எனவே அதனை நாவில் வைத்துப் பார்க்கும் பழக்கம் கூடவே கூடாது. சிந்தியதைக் குழந்தைகளும் நாய்களும் அணுகாதவாறு உடனே கழுவிவிட வேண்டும்.

அடுத்து, இடத்தை அறிய வேண்டும். வண்டி ஓடும்போது காற்று துளியைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தானாகவும் அது கீழிறங்குகிறது. ஆதலால் துளி விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. எஞ்சினை நன்கு கழுவி உலர்த்தி, ஐயமுள்ள பகுதிகளில் முகப்பவுடரையோ சாக்குத் தூளையோ தூவி, பத்து நிமிடம் ஓட்டியபின் பார்த்தால், ஈரத்தின் மிக உயர்ந்த முனை தூளில் தெளிவாகப் புலப்படும். பெரும்பாலும் அதுவே கசிவின் தோற்றுவாய்.

முன்புறச் செயின் சக்கரத்தின் பின்னால் ஈரம் தோன்றினால் அங்குள்ள சீல் தேய்ந்திருக்கலாம். பலர் சீலை மட்டும் மாற்றிவிட்டுக் கசிவு நிற்கவில்லையே என்று வியப்பர். பல வண்டிகளில் தண்டின்மீதுள்ள கழுத்து வளையத்திற்குள் சிறிய ரப்பர் வளையம் ஒன்று மறைந்திருக்கும். அதனையும் மாற்ற வேண்டும். கார்புரேட்டரின் வழிவுக்குழாயில் பெட்ரோல் சொட்டுமாயின் மிதவை ஊசியில் தூசி சிக்கியிருக்கக்கூடும். சூடான புகைக்குழாய் அருகிலேயே இருப்பதால் இதனைச் சிறு குறை என்று தள்ளிவைத்தல் ஆபத்து.

புகைக்குழாய் சிலிண்டருடன் இணையுமிடத்தில் வழியும் கருநிறப் பசை கியர் எண்ணெய் அன்று; எரியாது எஞ்சிய கலவை எண்ணெய். இதனைக் கண்டு பெட்ரோலில் சேர்க்கும் எண்ணெயைக் குறைப்பது பரவலான தவறு. எண்ணெயைக் குறைத்தால் அதன் இடத்தையும் பெட்ரோல் பிடிப்பதால், காற்றோடு சேரும் பெட்ரோலின் பங்கு மேலும் கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. பிஸ்டனுக்கோ மசகு குறைகிறது. கார்புரேட்டர் ஜெட்டின் அளவைச் சரிசெய்து, இணைப்பு வளையங்களைப் புதுப்பிப்பதே முறை.

நீர்ப் பம்பின் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. பம்பின் தண்டில் நீரைத் தடுக்க ஒரு சீலும் எண்ணெயைத் தடுக்க மற்றொன்றும் இருக்க, அவற்றின் நடுவிலிருந்து இத்துளை வெளியே திறக்கிறது. அதில் நீர் சொட்டினால் நீர்ப்பக்கச் சீலும், எண்ணெய் சொட்டினால் எண்ணெய்ப்பக்கச் சீலும் பழுது. சிலர் இத்துளையைப் பசையிட்டு அடைத்துவிடுகின்றனர். சேறும் அதனை அடைத்துவிடுவதுண்டு. அப்போது நீர் கியர் அறைக்குள் புகும். எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறமடைந்தால் அதுவே சான்று.

இனி வெளியே தெரியாத கசிவுகள். தரையில் துளியின்றிக் கியர் எண்ணெய் குறைந்துகொண்டே வந்து, எஞ்சின் சூடேறிய பின்னும் அடர்ந்த புகை நிற்காமல், பிளக் எண்ணெய் படிந்து கறுக்குமாயின், கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் எண்ணெயை உள்ளே விடுகிறது என்று கொள்ளலாம். மேக்னெட்டோ பக்கத்துச் சீல் பழுதாயின் உறிஞ்சப்படுவது எண்ணெயன்று, காற்று. அதில் புகையோ துளியோ இராது. விசையை மூடியபின்னும் எஞ்சினின் வேகம் தணியத் தாமதமாகும், பிளக் வெளுத்திருக்கும். கலவையில் பெட்ரோலும் அதனுடன் சேர்ந்த மசகும் குறைவதால் பிஸ்டன் மிகையாகச் சூடேறிச் சிலிண்டரில் இறுகிக்கொள்ளும். வேகத்தில் இது நேரின் பின்சக்கரம் பூட்டியதுபோல் நின்று ஓட்டுபவர் தூக்கி எறியப்படலாம். எனவே இவ்வறிகுறி கண்ட வண்டியை ஓட்டலாகாது.

நீர் குறைந்து, புகையில் இனிப்பு மணமும் வெண்ணிற ஆவியும் தோன்றி, எஞ்சினை இயக்கியவுடன் ரேடியேட்டரில் குமிழிகள் எழுமாயின், சிலிண்டர் தலையின் வளையம் பழுதென்று கருதலாம். தலையைக் கழற்றிப் பார்த்தால், கரி படிந்த பிஸ்டனில் நீர் புகுந்த இடம் மட்டும் கழுவியதுபோல் பளிச்சிடும். ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது.

ஐயத்தை முற்றும் தீர்ப்பது அழுத்தச் சோதனை. புகை வாயிலையும் கார்புரேட்டர் வாயிலையும் ரப்பர் அடைப்பான்களால் மூடி, பிஸ்டனை அடிமட்டத்தில் நிறுத்தி, அளவுமானி பொருத்திய கைப்பம்பினால் சதுர அங்குலத்திற்கு 6 பவுண்டு வரை காற்றேற்ற வேண்டும். இதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீல்களும் இடம்பெயரக்கூடும். நிமிடத்திற்கு ஒரு பவுண்டுக்கு மேல் அழுத்தம் இறங்கினால் கசிவு உண்டு. மேக்னெட்டோ மூடியைக் கழற்றி, சீலின்மீதும் சிலிண்டரின் அடிப்பாகத்திலும் அறையின் இணைப்புக் கோட்டிலும் சோப்பு நீரைத் தடவினால் குமிழி எழும் இடம் தெரியும். கியர் எண்ணெய் ஊற்றும் வாயில் காற்று வந்தால் கிளட்ச் பக்கச் சீல். ரேடியேட்டரில் குமிழி வந்தால் சிலிண்டர் தலை. புதிய சீலைப் பொருத்திய பின், எஞ்சினை இயக்குமுன் இதே சோதனையை மறுமுறையும் செய்ய வேண்டும். பொருத்தும்போதே சீலின் உதடு மடிந்துபோவதுண்டு.